ஆயுதத்துக்குப் பொட்டு வைக்கிறோம், பிடித்த கைக்கு?



இன்று 2025 அக்டோபர் 1. ஆயுதபூஜை. மண்வெட்டி, அரிவாள், கலப்பை, டிராக்டர், ஆட்டோ என்று எல்லாத்தையும் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்துக் கும்பிடுகிற நாள். ஐக்கிய நாடுகள் சபை அறிவித்த உலக முதியோர் தினமும் இதே அக்டோபர் 1 தான். இந்த வருஷம் ரெண்டும் ஒரே நாளில் வந்திருக்கிறது.

அதனால ஒரு கேள்வி. அந்த மண்வெட்டிக்குப் பொட்டு வைக்கிறோம், சரி. அதை ஐம்பது வருஷம் பிடித்த கை இப்போ திண்ணையில் உட்கார்ந்திருக்கிறதே, அந்தக் கைக்கு என்ன வைத்திருக்கிறோம்?

செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயம் அறுத்த கை. வேப்பந்தட்டையில் பருத்தி எடுத்த கை. குன்னத்தில் மக்காச்சோளம் உடைத்த கை. செந்துறையில் முந்திரி பொறுக்கிய கை. அரியலூரில் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் புழுதி தின்ற கை. எல்லாக் கைக்கும் சேர்த்து அரசு வைத்திருப்பது மாதம் 1,200 ரூபாய். ஒரு நாளைக்கு 40 ரூபாய். அதுவும் கிடைத்தவர்களுக்கு.

இன்றைக்கு டீக்கடையில் ரெண்டு டீ, ரெண்டு வடை சாப்பிட்டால் 40 ரூபாய் போய்விடும். வீட்டு சமையல் சிலிண்டர் ஒன்று 850 ரூபாய்க்கு மேல். சிலிண்டர் வாங்கின மாதம் மிச்சம் 350. அதில்தான் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, கண்ணுக்குச் சொட்டு மருந்து, பேரப்பிள்ளைக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்.

ரேஷனில் அரிசி இலவசம். பொங்கலுக்கு வேட்டி சேலை உண்டு. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இதெல்லாம் தமிழ்நாட்டில் இருக்கிறது, மறுக்கவில்லை. இவை இல்லாத மாநிலங்களில் முதியவர்கள் படும் பாடு இதைவிட மோசம். ஆனால் அரிசி இருந்தால் போதுமா? குழம்புக்கு என்ன பண்ணுவாங்க?

இந்தத் தொகை வந்த கதை

முதியோர் உதவித்தொகையை நாட்டுக்கு முன்னோடியாகத் தொடங்கிய மாநிலங்களில் நம்ம மாநிலமும் ஒன்று. 1962 ஏப்ரலில், காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, ஆதரவற்ற முதியோருக்கு மாதம் 20 ரூபாய் என்று ஆரம்பித்தது. அன்றைக்கு அது பெரிய விஷயம். வேலை செய்ய முடியாத ஏழைக்குப் பிச்சை போடக்கூடாது, அரசு பொறுப்பெடுக்க வேண்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது.

மத்திய அரசு இதற்குள் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, தேசிய சமூக உதவித் திட்டம் என்ற பெயரில். அதே 1995இல்தான் திருச்சியிலிருந்து பிரிந்து பெரம்பலூர் தனி மாவட்டம் ஆனது. அதே 1995 நவம்பரில்தான் ஆலைத் தொழிலாளர்களுக்கான இ.பி.எஸ்.-95 ஓய்வூதியத் திட்டமும் வந்தது. மூன்றுக்கும் இப்போ 30 வயசு.

2007 நவம்பரில் அரியலூர் தனி மாவட்டமாகப் பிறந்தது. அதே மாதம்தான் மத்திய அரசின் முதியோர் திட்டம் இந்திரா காந்தி பெயரில் விரிவாக்கப்பட்டது. அப்போது மத்திய அரசு கொடுத்த பங்கு, ஒரு முதியவருக்கு மாதம் 200 ரூபாய். இப்போது 60 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்கு மத்திய அரசு கொடுக்கும் பங்கு எவ்வளவு தெரியுமா?

அதே 200 ரூபாய் தான்.

அரியலூர் மாவட்டத்துக்கு இந்த நவம்பரில் 18 வயசு ஆகிறது. அந்த மாதம் பிறந்த குழந்தை இப்போ ஓட்டுப் போடப் போகிறது. ஆனால் அந்த 200 ரூபாய்க்கு மட்டும் ஒரு வயசுகூட ஆகவில்லை. நாளைக்கு 6 ரூபாய் 67 காசு. 80 வயசு தாண்டினால் 500 ரூபாய் தருகிறார்கள். அதாவது 80 வரைக்கும் உயிரோடு இருந்து காட்டு, அப்புறம் பார்க்கலாம் என்று அர்த்தம்.

மீதி 1,000 ரூபாயையும் மாநில அரசுதான் போடுகிறது. மாநிலத்தின் கதையும் ரொம்பப் பெருமைப்படும்படி இல்லை. 2011இல் 500 ரூபாய் 1,000 ஆனது. அடுத்த உயர்வு 2023 ஆகஸ்டில், 1,200. நடுவில் 12 வருஷம். அந்த 12 வருஷத்தில் கூலி, அரிசி, பஸ் டிக்கெட், ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் எங்கே போனது என்று நம்ம எல்லாருக்கும் தெரியும். எந்தக் கட்சி ஆண்டாலும் முதியவர்கள் தேர்தல் அறிக்கையில் ஒரு வரி, பட்ஜெட்டில் ஒரு மௌனம். இதுதான் வழக்கமாகிவிட்டது.

அரசு ஊழியர்களுக்கு வருஷத்துக்கு ரெண்டு முறை அகவிலைப்படி உயர்கிறது. விலைவாசி ஏறுகிறது என்று அரசே ஒத்துக்கொண்டு கொடுப்பது அது. அது நியாயம். ஆனால் விலைவாசி, சம்பளம் வாங்குகிறவர் வீட்டுக் கதவை மட்டும்தான் தட்டுமா? கூலி வேலை செய்து ஓய்ந்த அப்பாயி வீட்டுக்குள் வராதா?

ஊரில் மிச்சம் இருப்பவர்கள் யார்?

உங்க தெருவை ஒரு தடவை மனசுக்குள் நடந்து பாருங்க. எத்தனை வீட்டில் இளவட்டம் இருக்கிறது? மகன் திருப்பூரில். மகள் கல்யாணம் ஆகி சென்னையில். லப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் பக்கம் போனால் பாதி வீட்டில் துபாய், சவுதி, சிங்கப்பூர் கதை. வீட்டில் இருப்பது ஒரு தாத்தா, ஒரு ஆயா, ரெண்டு ஆடு, ஒரு டிவி. பல வீட்டில் அந்த ஜோடியில் ஒருத்தர்தான் மிச்சம். பெரும்பாலும் அது பெண்.

கணக்கும் இதையேதான் சொல்கிறது. 2021க்கான மத்திய அரசின் கணிப்புப்படி தமிழ்நாட்டில் 60 வயது தாண்டியவர்கள் 13.6 சதவீதம். கேரளாவுக்கு அடுத்த இடம் நமக்குத்தான். 2031இல் இது 18.2 சதவீதம் ஆகும். இந்திய சராசரி அப்போது 13.1 தான். அதாவது இன்னும் ஆறே வருஷத்தில், நூறு பேர் கூடியிருக்கும் ஒரு கிராம சபையில் 18 பேர் முதியவர்கள்.

2011 கணக்கெடுப்பில் பெரம்பலூர் மாவட்ட மக்கள்தொகை 5,65,223. அரியலூர் 7,54,894. ரெண்டும் சேர்த்து 13 லட்சத்துக்கு மேல். மாநில சராசரியை மட்டும் வைத்துப் போட்டாலே, 2031இல் இந்த ரெண்டு மாவட்டத்திலும் சுமார் 2 லட்சத்து 40 ஆயிரம் முதியவர்கள் இருப்பார்கள். பிள்ளைகள் வெளியூர் போய்விட்ட கிராமப்புற மாவட்டங்களில் சராசரியைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும்.

இது எப்படி நடந்தது? நாம்தான் நடத்தினோம். 'நாம் இருவர் நமக்கு இருவர்' என்று அரசு சொன்னது, நம்ம அம்மாக்கள் கேட்டார்கள். இன்றைக்குத் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ரெண்டு குழந்தைகூட இல்லை. ஆரம்ப சுகாதார நிலையங்கள் வந்தன, ஆயுள் கூடியது. இதெல்லாம் சாதனை. ஆனால் ஆறு பிள்ளைகள் இருந்த காலத்தில், ஒருத்தன் கைவிட்டாலும் இன்னொருத்தன் சோறு போட்டான். ஒரே பிள்ளை இருக்கும் வீட்டில், அவனே திருப்பூரில் வாடகை கொடுக்க முடியாமல் தவிக்கும்போது, அவன் எங்கிருந்து அனுப்புவான்? குடும்பத்தைச் சிறிதாக்கச் சொன்ன அரசு, அந்தக் குடும்பம் செய்துவந்த வேலையைத் தானும் கொஞ்சம் தோளில் வாங்கிக்கொள்ள வேண்டாமா?

'உனக்குத்தான் மகன் இருக்கானே!'

முதியோர் உதவித்தொகைக்கு மனு போட்ட எல்லாருக்கும் இந்த வசனம் பழக்கம். மனுவை இ-சேவை மையத்தில் பதியணும். அப்புறம் வி.ஏ.ஓ. விசாரணை, ஆர்.ஐ. விசாரணை, பிறகு தாலுகா ஆபீஸில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர். இந்தப் பாதையில் எங்கேயோ ஒரு இடத்தில் அந்தக் கேள்வி வந்து நிற்கும். மகன் இருக்கிறான், காங்கிரீட் வீடு இருக்கிறது, கால் ஏக்கர் பட்டா இருக்கிறது. மனு தள்ளுபடி.

மகன் இருக்கிறான், உண்மைதான். சோறு போடுகிறானா என்று யார் கேட்டார்கள்? வீடு அரசுத் திட்டத்தில் கட்டியது. அந்தச் சுவரையா பிட்டுத் தின்ன முடியும்? கால் ஏக்கர் மானாவாரி நிலம், மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் வெறும் கரம்பை. அது சொத்தா, சுமையா?

பெற்றோரைக் கைவிட்ட பிள்ளைகள் மீது நடவடிக்கை எடுக்கச் சட்டம் இருக்கிறது. 2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம். கோட்டாட்சியரிடம் மனு கொடுத்தால் மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் வழங்க உத்தரவிடலாம். நல்ல சட்டம், தேவைப்படுகிறவர்கள் தயங்காமல் பயன்படுத்துங்கள். ஆனால் நம்ம ஊர்த் தாய் எத்தனை பேர் பெற்ற பிள்ளை மேல் கேஸ் கொடுப்பார்கள்? 'அவனே பாவம், அவன் புள்ளைங்களுக்கு ஸ்கூல் பீஸ் கட்டணும்' என்று சொல்லிவிட்டுப் பட்டினி கிடப்பார்கள். அந்தத் தாயின் பாசத்தைக் காட்டி அரசு தன் பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாது.

கிடைத்தவர்கள் பாடும் சுகமில்லை. மாதாமாதம் வங்கி முகவர் மிஷினை நீட்டுவார். ஆயா கட்டை விரலை வைப்பார். 'ரேகை விழலை, மறுபடி வைங்க.' மறுபடி. 'அடுத்த விரலை வைங்க.' ஐம்பது வருஷம் களை பிடுங்கின விரலில் ரேகை எங்கே இருக்கும்? அது இந்த மண்ணோடு போய்விட்டது. உழைத்ததற்குச் சாட்சியே அந்தத் தேய்ந்த ரேகைதான். அதையே காரணம் காட்டிக் காசை நிறுத்துவது எந்த ஊர் நியாயம்?

நூறு நாள் வேலைக்குப் போய்ப் பாருங்க. அறுபதைத் தாண்டியவர்கள் வெயிலில் மம்பட்டியோடு நிற்பார்கள். ஆசைப்பட்டா வருகிறார்கள்? 2025-26இல் ஒரு நாள் வேலைக்குச் சட்டப்படி 336 ரூபாய் வரைக்கும் கூலி. எட்டு நாள் அளவு சரியாக வேலை செய்தால் ரெண்டு மாத உதவித்தொகையைவிட அதிகம். அந்தக் கணக்கு அவர்களுக்கு நல்லாவே தெரியும். ஓய்வூதியம் ஒழுங்காக இருந்தால், எழுபது வயதில் ஏரி வெட்ட யாருக்கு ஆசை?

சிமென்ட் புழுதியில் கரைந்த வருஷங்கள்

அரியலூர் என்றாலே சிமென்ட். 1979இல் வந்த அரசு ஆலையில் ஆரம்பித்து, இன்றைக்கு மாவட்டம் முழுக்கப் பெரிய தனியார் ஆலைகள். நாட்டுக்கே வீடு கட்டப் போகும் சிமென்ட், நம்ம நிலத்தைத் தோண்டி எடுத்தது. அதில் வேலை செய்தவர்களின் முதுமை எப்படி இருக்கிறது?

நிரந்தரத் தொழிலாளிக்கு இ.பி.எஸ்.-95 ஓய்வூதியம் உண்டு. அதன் கணக்கு ரொம்ப எளிது. சம்பளத்தைப் பணிபுரிந்த ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுக்கணும். ஆனால் எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் கணக்குக்கு எடுப்பது பொதுவாக 15,000 ரூபாய் மட்டுமே. இந்த உச்சவரம்பு 2014 செப்டம்பரில் வைத்தது, இன்னும் மாறவில்லை. 14 வருஷம் உழைத்தவருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்க: 15,000 பெருக்கல் 14, வகுத்தல் 70. மாதம் 3,000 ரூபாய். அதுவும் உச்சவரம்புச் சம்பளம் வாங்கியவருக்கு. பழைய காலத்தில் குறைந்த சம்பளத்தில் ஓய்வு பெற்றவர்களுக்கு இன்னும் கீழே. குறைந்தபட்ச ஓய்வூதியம் 1,000 ரூபாய், அதுவும் 2014இல் வைத்ததே. இந்தத் திட்டத்தில் நாடு முழுக்க 75 லட்சத்துக்கும் மேற்பட்ட ஓய்வூதியர்கள் இருக்கிறார்கள். 7,500 ரூபாயாக உயர்த்தச் சொல்லி டெல்லி வரை போய்ப் போராடிவிட்டார்கள். இந்த ஓய்வூதியத்துக்கு அகவிலைப்படியும் கிடையாது.

ஒப்பந்தத் தொழிலாளி கதை இதைவிடக் கொடுமை. ஓய்வூதியம் கிடைக்கக் குறைந்தது 10 ஆண்டுகள் பணி கணக்கில் இருக்கணும். இவர் இருபது வருஷம் ஒரே ஆலை வாசலுக்குள் போய் வந்திருப்பார். ஆனால் நடுவில் ஆறு காண்ட்ராக்டர் மாறியிருப்பார்கள். ஒருத்தர் பி.எஃப். பிடித்துக் கட்டவே இல்லை, ஒருத்தர் பெயரைத் தப்பாகப் பதிந்தார், ஒருத்தர் புது நம்பர் போட்டார். கடைசியில் கணக்கில் நிற்பது ஏழு வருஷம். ஓய்வூதியம் கிடையாது.

இந்த இடத்தில் இளைஞர்களுக்கு, குறிப்பாக எறையூர் சிப்காட் காலணி ஆலைக்குப் போகும் தங்கச்சிகளுக்கு ஒரு வார்த்தை. கல்யாணத்துக்கோ வீட்டுச் செலவுக்கோ வேலையை விடும்போது பி.எஃப். பணத்தை எடுக்கிறீர்கள், புரிகிறது. ஆனால் அதோடு சேர்த்து ஓய்வூதியக் கணக்கையும் துடைத்து எடுத்துவிடாதீர்கள். 10 வருஷம் முடியாதவர்கள், பணத்துக்குப் பதிலாகத் திட்டச் சான்றிதழ் வாங்கி வைக்கலாம். பின்னால் வேறு வேலைக்குப் போனால் பழைய வருஷங்கள் அதோடு சேரும். இன்றைக்கு எடுக்கும் சில ஆயிரம், அறுபது வயதில் மாதாமாதம் வரவேண்டிய சோறு.

ஆசிரியரையும் கூலித் தொழிலாளியையும் மோத விடாதீர்கள்

'எல்லாப் பணமும் அரசு ஊழியர் பென்ஷனுக்கே போகுது, ஏழைக்கு எங்கே மிச்சம்?' என்று ஒரு பேச்சு ஓடுகிறது. அதில் முழு உண்மை இல்லை.

தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1க்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்த அரசு ஊழியர், ஆசிரியர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது. சம்பளத்தில் 10 சதவீதம் பிடிக்கிறார்கள், அரசும் அதே அளவு போடுகிறது. ஓய்வு பெறும்போது சேர்ந்த பணத்தை மொத்தமாகக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். 2025 அக்டோபர் நிலவரப்படி மாத ஓய்வூதியம் இல்லை. பழைய திட்டத்தைத் திரும்பக் கொண்டுவருவோம் என்ற வாக்குறுதி 2021 தேர்தலில் கொடுக்கப்பட்டது. நாலு வருஷம் கழித்து, 2025 பிப்ரவரியில் மூன்று பேர் குழு போட்டார்கள். மத்திய அரசு தன் ஊழியர்களுக்கு, 25 ஆண்டு பணி முடித்தால் கடைசி 12 மாத சராசரி அடிப்படைச் சம்பளத்தில் பாதி என்று ஒரு உறுதியை இந்த ஏப்ரல் முதல் கொடுத்திருக்கிறது. ஊழியர் சங்கங்கள் அதையும் போதாது என்கின்றன.

முதுமையில் மாதாமாதம் ஒரு உறுதியான தொகை வேண்டும் என்று ஆசிரியர் கேட்பதும், கூலித் தொழிலாளி கேட்பதும் ஒரே கோரிக்கை. ஒருத்தருக்குச் சங்கம் இருக்கிறது, குரல் கேட்கிறது. இன்னொருத்தருக்குச் சங்கம் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம். நடுவில் சத்துணவு, அங்கன்வாடி அக்காக்கள் இருக்கிறார்கள். வாழ்நாள் முழுக்க ஊர்ப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு, ஒரு சிறப்பு ஓய்வூதியத்தோடு வீட்டுக்குப் போகிறார்கள். பெயரில்தான் சிறப்பு.

ஒளிவுமறைவு இல்லாமல் இன்னொன்றும் சொல்லணும். முன்னாள் எம்.பி.க்களின் அடிப்படை ஓய்வூதியம் இப்போது மாதம் 31,000 ரூபாய். அதற்கு 10 வருஷப் பணி வேண்டாம், தேய்ந்த ரேகை வேண்டாம், மகன் இருக்கிறானா என்ற கேள்வியும் இல்லை. இதை உயர்த்தும்போது எந்தக் கட்சியும் 'பணம் எங்கே இருக்கு' என்று கேட்டதில்லை. அரசியலில் இருக்கும் நாங்கள் எல்லாரும் சேர்ந்து வெட்கப்பட வேண்டிய இடம் இது.

பணம் எங்கே இருக்கிறது?

நியாயமான கேள்வி. பதில் சொல்லாமல் ஓடக்கூடாது.

ஒரு எளிய கணக்கு. ஒரு லட்சம் பேருக்கு மாதம் 100 ரூபாய் கூட்டினால், வருஷத்துக்கு ஆகும் செலவு 12 கோடி ரூபாய். மத்திய அரசின் திட்டத்தில் நாடு முழுக்க 2.21 கோடி முதியவர்கள் இருக்கிறார்கள். இவர்களுக்கான 200 ரூபாயை 1,000 ரூபாயாக உயர்த்தினால் கூடுதல் செலவு வருஷத்துக்குச் சுமார் 21,200 கோடி. பெரிய தொகைதான். ஆனால் மத்திய பட்ஜெட் 50 லட்சம் கோடிக்கு மேல். அதில் இது அரை சதவீதம்கூட இல்லை. 2019 செப்டம்பரில் கம்பெனிகளுக்கு வருமான வரியைக் குறைத்தபோது, வருஷத்துக்கு 1.45 லட்சம் கோடி வருவாய் குறையும் என்று நிதியமைச்சரே அறிவித்தார். அதில் சுமார் ஏழில் ஒரு பங்கு போதும்.

ஆனால் நடப்பது என்ன? முதியோர், விதவை, மாற்றுத்திறனாளி எல்லாருக்கும் சேர்த்து தேசிய சமூக உதவித் திட்டத்துக்கு ஒதுக்கியது 9,652 கோடி ரூபாய். முந்தைய பட்ஜெட்டிலும் அதே எண். ஒரு ரூபாய் கூடவில்லை. எத்தனை பேருக்குக் கொடுக்கலாம் என்ற உச்ச எண்ணிக்கையும் 2001 மக்கள்தொகையை வைத்துப் போட்டது. 2001இல் 36 வயதில் இருந்தவர் இன்றைக்கு 60.

நம்மைவிட ஏழை நாடான நேபாளம் 1990களிலேயே எல்லா முதியவர்களுக்கும் உதவித்தொகை தொடங்கியது. இப்போது 68 வயதானவர்களுக்கு மாதம் 4,000 நேபாள ரூபாய். நம்ம பணத்தில் 2,500. பிரேசிலில் கிராமத்து விவசாயத் தொழிலாளிக்குக் குறைந்தபட்சக் கூலிக்குச் சமமான ஓய்வூதியம். பெண்ணுக்கு 55 வயதில், ஆணுக்கு 60 வயதில். அவ்வளவு தூரம் வேண்டாம், பக்கத்தில் பாருங்க. ஆந்திராவில் 4,000 ரூபாய். தெலங்கானாவில் 2,016. கேரளாவில் 2025 அக்டோபர் நிலவரப்படி 1,600. இவர்கள் எல்லாரும் மத்திய அரசின் அதே 200 ரூபாயை வைத்துக்கொண்டுதான் இதைச் செய்கிறார்கள். தமிழ்நாடு பொருளாதாரத்தில் முன்னணி என்று மேடைதோறும் பேசுகிறோம். முதியவர் தட்டில் அந்த முன்னணி தெரியவில்லையே?

'அவங்களே சேமிக்கலாமே, திட்டம் இருக்கே' என்பார்கள். அடல் ஓய்வூதியத் திட்டம், அமைப்புசாரா தொழிலாளர் திட்டம், விவசாயிகள் திட்டம் எல்லாம் இருக்கின்றன. எல்லாவற்றிலும் சேர 18 முதல் 40 வயதுக்குள் இருக்கணும். 25 வயதுப் பிள்ளைகள் சேரட்டும், நல்லது. ஆனால் இப்போது 55 வயதில் கல் உடைப்பவர் எதில் சேர்வார்? அடுத்தது, அந்தத் திட்டங்கள் சொல்லும் 3,000 ரூபாய் இன்றைக்கு 3,000. முப்பது வருஷம் கழித்து அதற்கு எத்தனை டீ கிடைக்கும்?

நம்ம மண்ணிலேயே ஒரு பணம் இருக்கிறது

இது பலருக்குத் தெரியாது. 2015இல் கொண்டுவந்த சட்டத் திருத்தப்படி, சுரங்கம் உள்ள ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்டக் கனிம அறக்கட்டளை இருக்கணும். சுரங்க நிறுவனங்கள் அரசுக்குக் கட்டும் உரிமத்தொகைக்கு மேல், பழைய குத்தகையாக இருந்தால் அதில் 30 சதவீதமும் ஏலத்தில் எடுத்ததாக இருந்தால் 10 சதவீதமும் இந்த அறக்கட்டளைக்குக் கட்டணும். அந்தப் பணத்தின் பெரும்பகுதியை எதற்குச் செலவழிக்கணும் என்ற முன்னுரிமைப் பட்டியலில் குடிநீர், மருத்துவம், கல்வியோடு முதியோர் மற்றும் மாற்றுத்திறனாளிகள் நலன் என்றும் தெளிவாக எழுதியிருக்கிறது.

அரியலூர் மண்ணைத் தோண்டின பணம். அரியலூர் முதியவர்களுக்குச் செலவழிக்கச் சட்டமே வழி சொல்கிறது. சுரங்கம் சூழ்ந்த ஒவ்வொரு கிராமத்திலும் முதியோர் பகல்நேர மையம், மதியம் ஒரு வேளை சூடான சாப்பாடு, மாதம் ஒரு முறை கண், காது, நுரையீரல் பரிசோதனை. இதைக் கேட்பது சலுகை இல்லை. நம்ம பாக்கி.

நாம் கேட்பது

1. முதியோர் உதவித்தொகையை முதல் கட்டமாக மாதம் 3,000 ரூபாயாக உயர்த்த வேண்டும். அதில் மத்திய அரசின் பங்கு 200இலிருந்து குறைந்தது 1,000 ஆக வேண்டும்.

2. ஒவ்வொரு வருஷமும் விலைவாசிக்கு ஏற்ப அது தானாக உயர வேண்டும். தேர்தலுக்குக் காத்திருக்கும் நிலை கூடாது.

3. மகன் இருக்கிறான், ஓட்டு வீடு மாறிவிட்டது என்ற காரணங்களுக்காக மனுவைத் தள்ளக் கூடாது. வருமான வரி கட்டுபவர், வேறு ஓய்வூதியம் வாங்குபவர் தவிர 60 வயதான எல்லாருக்கும் கிடைக்க வேண்டும்.

4. ரேகை விழாதவர்களுக்குக் கண் கருவிழிப் பதிவோ, நேரடியாகக் கையில் பணமோ. ரேகைக்காக ஒரு மாதம்கூட நிறுத்தக் கூடாது.

5. இ.பி.எஸ்.-95 குறைந்தபட்ச ஓய்வூதியத்தை 7,500 ரூபாயாக்கி, அகவிலைப்படியோடு இணைக்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளியின் பி.எஃப். பாக்கிக்கு முதன்மை நிறுவனமே பொறுப்பேற்க வேண்டும்.

6. அரசு ஊழியர், ஆசிரியர், சத்துணவு, அங்கன்வாடி ஊழியர்களுக்கு உறுதியான மாத ஓய்வூதியம்.

7. கனிம அறக்கட்டளைப் பணத்தில் முதியோருக்கு எவ்வளவு செலவானது என்பதை ஊராட்சி வாரியாக வெளியிட வேண்டும்.

நீங்க செய்ய வேண்டியது

படித்துவிட்டு ஒரு லைக் போட்டுப் போய்விடாதீர்கள். உங்க தெருவில் உதவித்தொகை கிடைக்காத முதியவர் யார் என்று ஒரு பட்டியல் எடுங்க. ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம் சரியாக இருக்கிறதா என்று பாருங்க. மனுவை இ-சேவையில் பதிந்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்க. தள்ளுபடி ஆனால் காரணத்தை எழுத்தில் கேளுங்க. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு அந்த ஆயாவைத் தனியாக அனுப்பாதீர்கள், வண்டியில் உட்கார வைத்துக் கூட்டிப் போங்க. வரும் கிராம சபையில் இதைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்க. துன்புறுத்தல், கைவிடல் என்றால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்க. எங்க ஒன்றிய, கிளைத் தோழர்கள் மனு எழுதித் தரத் தயாராக இருக்கிறார்கள். எந்தக் கட்சிக்காரர் வீட்டு ஆயா என்று கேட்க மாட்டார்கள்.

இன்னொன்று. இது அவர்கள் பிரச்சினை மட்டும் இல்லை. இந்தப் பதிவைப் போனில் படிக்கும் 35 வயதுக்காரரே, 2050இல் உங்களுக்கு 60. உங்களுக்கு ஒரே பிள்ளை. அது எந்த ஊரில் இருக்கும் என்று தெரியாது. இன்றைக்கு ஆயாவுக்காக நாம் கேட்டு வாங்கும் உரிமைதான், அன்றைக்கு உங்க தட்டில் விழும் சோறு.

மாலையில் மண்வெட்டிக்குச் சந்தனம் வைக்கும்போது, திண்ணையில் இருக்கும் அந்தக் கையையும் ஒரு தடவை பிடித்துப் பாருங்க. ரேகை தேய்ந்திருக்கும். சூடு இருக்கும்.

அந்தக் கைக்குக் கணக்குத் தீர்க்க வேண்டிய கடன் இந்த நாட்டுக்கு இருக்கிறது. கேட்போம். சேர்ந்து கேட்போம். கிடைக்கும் வரை கேட்போம்.

ஆயுதபூஜை வாழ்த்துகள்!

#முதுமைக்கு_மரியாதை #ஓய்வூதியம்_உரிமை #பெரம்பலூர் #அரியலூர்